தூங்கும் மூளை எதைத் திருப்பிப் பார்க்கிறது?

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தம் மகனைப் பற்றி வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பையன் இரவு ஒரு மணி வரை படிக்கிறான். விடியற்காலையில் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று பாட்டி அவனை நான்கு மணிக்கே எழுப்பிவிடுகிறார். இவ்வளவு உழைத்தும், முந்தைய நாள் படித்த வேதியியல் சமன்பாடுகள் மறுநாள் மாலைக்குள் கலைந்துபோகின்றன. நினைவாற்றலுக்கு மருந்து ஏதேனும் உண்டா என்பது அவருடைய கேள்வி. படித்ததை நிலைப்படுத்தும் வேலையின் பெரும்பகுதி, அந்தப் பையனிடமிருந்து இரு பக்கமும் பறிக்கப்படும் தூக்கத்தில்தான் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று கண்டறிந்த வரலாறு, என் பார்வையில், கடந்த அரை நூற்றாண்டு நரம்பியலின் மிக அழகான பகுதி.

இரவுத் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது என்பதும், ஒவ்வொரு சுற்றிலும் லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், இமைக்குள் கண்கள் வேகமாக அலையும் கனவுத் தூக்கம் ஆகியவை மாறிமாறி வருகின்றன என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி, பிற்பகுதியில் லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும் மிகுதி என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தூங்கினால் மறதி குறைகிறது என்பது புதிய செய்தியன்று. 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்துச் சில மணி நேரம் கழித்துச் சோதித்தனர். விழித்திருந்த நேரத்தைவிடத் தூங்கிய நேரத்தில் மறதி மிகக் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் தந்த விளக்கம் தூக்கத்துக்குப் பெரிய பெருமை எதையும் சேர்க்கவில்லை. தூங்குகிறவர் புதிதாக எதையும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. ஆகவே பழையது குலையாமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்றனர். தூங்கும் மூளை நினைவுக்காகத் தானே ஒரு வேலையைச் செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. அதைத் தந்தது எலி.

அதற்கு முன் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைச் சந்தித்துவிட வேண்டும். மூளையின் இரு பக்கங்களிலும், ஏறத்தாழ காதுகளுக்கு நேர் உள்ளே இருக்கும் சிறு பகுதி அது. 1953இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்றுமுதல் 2008இல் இறக்கும்வரை, புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சிறுவயது நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. புதிய நினைவு முதலில் ஹிப்போகாம்பஸின் துணையோடு உருவாகிறது, பிறகு மெல்ல மெல்ல, மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில் வேரூன்றுகிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. அந்த இடமாற்றம் எப்போது நடக்கிறது என்பதுதான் விடை தெரியாமல் இருந்தது.

1971இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜான் ஓ'கீஃப், எலியின் ஹிப்போகாம்பஸில் சில நரம்புச் செல்கள் விநோதமாக நடந்துகொள்வதைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கும். இன்னோர் இடத்தில் வேறொரு செல் துடிக்கும். இடமறி செல்கள் என்று இவற்றைச் சொல்லலாம். எலி ஒரு பாதையில் ஓடும்போது அ, ஆ, இ, ஈ என்று செல்கள் வரிசையாகத் துடிப்பதைப் பதிவுசெய்தால், எலியைப் பார்க்காமலே அது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட முடியும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2014இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் இந்தச் செல்களை எலி ஓடி முடித்துத் தூங்கும்போதும் கவனித்துக்கொண்டே இருந்தனர். ஓடியபோது சேர்ந்து துடித்த செல்கள், ஓடியபின் வந்த தூக்கத்திலும் சேர்ந்தே துடித்தன. ஓடுவதற்கு முந்தைய தூக்கத்தில் அந்த ஒற்றுமை காணப்படவில்லை. இதை அவர்கள் 1994இல் வெளியிட்டனர். 2002இல் லீயும் வில்சனும் இன்னும் நுட்பமாகப் பார்த்தபோது, செல்கள் ஓட்டத்தின்போது துடித்த அதே வரிசையில், ஆனால் ஏறத்தாழ இருபது மடங்கு வேகத்தில் துடிப்பது தெரிந்தது. எலியின் கால்கள் அசையவில்லை, மூக்கு எதையும் முகரவில்லை. ஆயினும் அன்று ஓடிய பாதையை அதன் மூளை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மீண்டும் ஓடிப் பார்க்கிறது, தூக்கத்திலேயே, திரும்பத் திரும்ப. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஆய்வு முடிவு இது.

இந்த மறு ஓட்டம் தனியாக நடப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் பெருமூளைப் புறணி முழுவதும் ஒரு நொடிக்கு ஒரு முறை என்ற அளவிலோ அதைவிடச் சற்று மெதுவாகவோ ஒரு பேரலை எழுந்து அடங்குகிறது. அந்த அலையின் எழுச்சியின்போது, மூளையின் நடுவிலுள்ள தாலமஸ், நொடிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து துடிப்புகள் கொண்ட ஸ்பிண்டில் என்ற சிறு அலைத்தொகுதியை அனுப்புகிறது. அந்த ஸ்பிண்டிலின் தாழ்வுகளில், ஹிப்போகாம்பஸிலிருந்து நொடிக்கு நூற்றைம்பது, இருநூறு என்ற வேகத்தில் துடிக்கும் சிற்றலை ஒன்று வந்து பொருந்துகிறது. ஆதி தாளத்தின் ஆவர்த்தனத்துக்குள் எட்டு அட்சரங்களும் ஒவ்வோர் அட்சரத்துக்குள் நான்கு மாத்திரைகளும் அடங்குவதைப் போல, இந்த மூன்று அலைகளும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குகின்றன. பாதையின் மறு ஓட்டம் நடப்பது மிகவும் உள்ளே இருக்கும் அந்தச் சிற்றலையில்தான். ஹிப்போகாம்பஸ் பேசும் அதே கணத்தில் புறணி கேட்பதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் காலப் பொருத்தம் என்று கருதப்படுகிறது.

இது வெறும் உடன்நிகழ்வாக இருக்கக்கூடாதா என்ற ஐயம் நியாயமானதே. 2009இல் பாரிஸில் மிக்கேல் சுகாரோவின் குழுவினர் அதைச் சோதித்தனர். எலி தூங்கும்போது சிற்றலை தோன்றிய மாத்திரத்தில் ஒரு சிறு மின்தூண்டலால் அதைக் கலைத்தனர். இன்னொரு குழு எலிகளுக்கு அதே அளவு தூண்டலைச் சிற்றலை இல்லாத கணங்களில் கொடுத்தனர். இரண்டு குழுக்களும் நன்றாகவே தூங்கின. ஆனால் சிற்றலை கலைக்கப்பட்ட எலிகளே பாதையைக் கற்பதில் பின்தங்கின.

மனிதர் மண்டைக்குள் மின்முனை வைத்துப் பார்ப்பது எளிதன்று. ஆகவே 2007இல் ஜெர்மனியின் லூபெக்கில் யான் போர்னின் குழுவினர் ரோஜா மணத்தைப் பயன்படுத்தினர். சீட்டுகளின் இடங்களை மனப்பாடம் செய்யும்போது அந்த மணம். பிறகு ஆழ்ந்த தூக்கத்தில் மீண்டும் அதே மணம். அவ்வாறு மணம் ஊட்டப்பட்டவர்கள் காலையில் ஏறத்தாழ 97 விழுக்காடு இடங்களைச் சரியாகச் சொன்னார்கள். மணமில்லாத இரவுக்குப் பின் அது 86 விழுக்காடாக இருந்தது. இதைக் கேட்டதும் தூங்கும் பிள்ளையின் காதருகே பாடத்தை ஒலிக்கவிடத் தோன்றும். பயனில்லை. தூங்கும்போது புதிய செய்திகளைக் கற்க முடியுமா என்று 1950களிலேயே சைமனும் எம்மன்ஸும் மூளை அலைகளைப் பதிவுசெய்தபடி சோதித்து, உண்மையில் தூங்கியவர்கள் எதையும் கற்கவில்லை என்று காட்டிவிட்டனர். விழிப்பில் படித்ததைத்தான் தூக்கம் திருப்பிப் பார்க்கும். தேர்வுக் காலத்தில் நினைவாற்றல் பொடி, கயிறு, தாயத்து என்று விற்பவர்களிடம் இந்தச் சோதனைகளில் ஒன்றையாவது செய்து பார்த்தீர்களா என்று நாம் கேட்பதே இல்லை. பெட்டிக்குள் எலி நடப்பதைப் பார்க்கப் பணம் எதற்கு என்று மட்டும் ஆய்வாளரிடம் கேட்கிறோம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 விழுக்காட்டை மட்டுமே ஆய்வுக்கு ஒதுக்கும் நாட்டில் அந்தக் கேள்வி எனக்குக் கசக்கிறது.

பாட்டியின் நான்கு மணிக்கு வருவோம். ஒன்பது மணிக்குள் தூங்கச் செல்கிற வீட்டில் அது நல்ல பழக்கம். ஏழு மணி நேரத் தூக்கம் முடிந்து, வீடும் தெருவும் அமைதியாக இருக்கும்போது படிப்பு ஓடும். பதின்பருவத்தினருக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும் என்பதால் அதுகூடச் சற்றுக் குறைவுதான். ஒரு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுபவனுக்கு இரண்டே சுற்றுகள் கிடைக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். ஆனால் ஸ்பிண்டில்கள் நிறைந்த பின்னிரவின் லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அதோடு தூக்கம் கெட்ட மறுநாள், புதியதைப் பதித்துக்கொள்வதிலும் ஹிப்போகாம்பஸ் மந்தமாகிறது. ஆக, அவனுடைய நட்டம் நேற்றைய பாடத்தோடு நிற்பதில்லை.

பகலில் நடக்கும் ஆயிரம் நிகழ்ச்சிகளில் எதைத் திருப்பிப் பார்ப்பது என்று மூளை எப்படி முடிவுசெய்கிறது? 2024இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கியோர்கி புசாகியின் குழு எலிகளில் இதைப் பார்த்தது. ஓடி முடித்துப் பரிசைச் சுவைத்துச் சற்று நிற்கும் விழிப்பு வேளையிலும் சிற்றலைகள் தோன்றுகின்றன. எந்த ஓட்டத்தை அடுத்து அவை மிகுதியாகத் தோன்றினவோ அந்த ஓட்டமே பிறகு தூக்கத்தில் மீண்டும் மீண்டும் வந்தது. அதாவது எதைத் திருப்பிப் பார்ப்பது என்ற தேர்ந்தெடுப்பு விழிப்பிலேயே, ஒரு சிறு ஓய்வின்போது, நடந்துவிடுகிறது. மனிதரிடம் இதே நுட்பம் இப்படியே இயங்குகிறது என்று இதைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. ஆயினும் 2012இல் எடின்பரோவில் மிக்கேலா டூவர் முதியவர்களிடம் நடத்திய சோதனை இதனோடு ஒத்துப்போகிறது. ஒரு கதையைக் கேட்டபின் பத்து நிமிடம் சும்மா கண்மூடி இருந்தவர்கள், படங்களில் வேறுபாடு கண்டுபிடிக்கும் விளையாட்டில் அந்த நேரத்தைச் செலவிட்டதைவிட, ஏழு நாள் கழித்தும் கதையைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஒரு பாடம் முடிந்த கையோடு கைப்பேசியை எடுப்பதை நாம் ஓய்வு என்கிறோம். டூவரின் சோதனையில் அது ஓய்வுக் கணக்கில் சேராது, விளையாட்டுக் கணக்கில்தான் சேரும்.

நமக்குள் நாம் சொல்லிக்கொள்வதும் இந்தத் தேர்ந்தெடுப்பில் பங்கேற்கிறது. 2011இல் இனெஸ் வில்ஹெல்மும் போர்னும் தம் குழுவினரோடு நடத்திய ஆய்வில், படித்ததைப் பிறகு கேட்போம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கே தூக்கத்தின் பயன் தெளிவாகக் கிடைத்தது. சொல்லப்படாதவர்களும் தூங்கினார்கள், ஆனால் அந்த அளவு ஆதாயம் பெறவில்லை. ஆகவே புத்தகத்தை மூடும்போது, இன்னின்ன மூன்று சமன்பாடுகள் நாளை எனக்கு வேண்டும் என்று பெயர் சொல்லி நினைத்துக்கொள்வதில் பொருள் இருக்கிறது. ஒன்றுமே நிற்கவில்லையே என்று புலம்பியபடி படுப்பதால் அப்படி எதுவும் குறிக்கப்படுவதில்லை. தூக்கம் வரத் தாமதமாகும் என்பதே மிச்சம். முடிக்காத வேலைகள் மனத்தில் சுழன்றால் அவற்றைத் தாளில் இறக்கிவைக்கலாம். 2018இல் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் 57 இளைஞர்களிடம் சோதித்தபோது, படுக்குமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ, தூக்கமும் அவ்வளவு விரைவாக வந்தது.