அப்டேட்டுக்குப் பிறகு டிரைவ் மவுண்ட் ஆகவில்லையா? ஆர்ச் லினக்ஸில் எங்கே பார்ப்பது

ஆர்ச் லினக்ஸில் அப்டேட் முடிந்துவிட்டது. மென்பொருள்களை நிறுவும் கருவியான பேக்மேன் ஒரு பிழையும் காட்டவில்லை. சற்று நேரம் கழித்து பென் டிரைவைச் செருகினால் 'அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் எக்ஸ்ஃபேட்' என்று திரையில் வருகிறது. காலையில் ஒழுங்காக வேலை செய்த அதே பென் டிரைவ்தான். இந்த இடத்தில் பலரும் டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றைப் படிக்கத் தேவையான மாட்யூலைத்தான் (தேவைப்படும்போது ஏற்றப்படும் துணை நிரலை) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலால் எடுக்க முடியவில்லை.

ஏன் எடுக்க முடியவில்லை என்று புரிந்துகொள்ள, மவுண்ட், அதாவது டிரைவிலுள்ள கோப்புகளைக் கணினியோடு இணைப்பது, எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டிரைவைச் செருகியதும் முதலில் அந்த வன்பொருளுக்கான டிரைவர் எழுந்து வேலையைத் தொடங்குகிறது. யுஎஸ்பி என்றால் அது 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்' அல்லது 'யுஏஎஸ்'. டிஸ்க் தெரிந்ததும், சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் அதன் குறிப்பிட்ட சில பைட்டுகளைப் படித்து, உள்ளே இருப்பது எந்தக் கோப்பு முறைமை என்று கண்டறிகிறது. இஎக்ஸ்டி4 என்றால் பூஜ்யத்திலிருந்து எண்ணி 1080-ஆவது பைட்டில் இஎஃப்53 என்ற அடையாளம் இருக்கும். என்டிஎஃப்எஸ் என்றால் மூன்றாவது பைட்டிலிருந்து அந்தப் பெயரே எழுதப்பட்டிருக்கும். கூடவே அந்தக் கோப்பு முறைமைக்கே உரிய தனி அடையாளமான யுயுஐடி எண்ணையும் எடுத்து, அந்தப் பெயரில் ஓர் இணைப்பை யுடெவ் உருவாக்கி வைக்கிறது.

அதன்பிறகுதான் மவுண்ட் கட்டளையின் முறை வருகிறது. கேட்ட கோப்பு முறைமை ஏற்கெனவே தனக்குத் தெரிந்தவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று கெர்னல் பார்க்கும். '/ப்ராக்/ஃபைல்சிஸ்டம்ஸ்' கோப்பைத் திறந்தால் இந்தப் பட்டியலை நீங்களும் பார்க்கலாம். அதில் இல்லையென்றால், மாட்யூலைக் கொண்டுவரும்படி 'மோட்ப்ரோப்'பிடம் சொல்லும். மோட்ப்ரோப் போய்த் தேடும் இடம் '/யுஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ்' கோப்புறைக்குள், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறை.

அந்தக் கோப்புறையைத்தான் அப்டேட் நீக்கிவிட்டது. பேக்மேன் புதிய கெர்னலைப் போடும்போது பழைய பதிப்பின் மாட்யூல்கள் அத்தனையையும் அழித்துவிடும். நினைவகத்தில் ஓடுவதோ இன்னமும் பழைய கெர்னல்தான். ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாட்யூல்கள் தொடர்ந்து வேலை செய்யும், புதிதாக ஒன்றைக் கேட்டால் கிடைக்காது. குழப்பமே இதனால்தான் வருகிறது. கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் உங்கள் /பூட் பார்ட்டிஷன் ஃபேட் வகையாக இருந்து மவுண்ட் ஆகியிருந்தால், அதற்கான மாட்யூல் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும். அதனால் ஃபேட்32 பென் டிரைவ் திறக்கும், எக்ஸ்ஃபேட் பென் டிரைவ் திறக்காது. பூட் ஆனதிலிருந்து யுஎஸ்பி டிரைவ் எதையுமே செருகவில்லை என்றால் 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்' மாட்யூலும் ஏறியிருக்காது. அப்போது டிஸ்குகளைக் காட்டும் 'எல்எஸ்பிஎல்கே' பட்டியலில் டிரைவே தெரியாது. ஒரே காரணம்தான், ஆனால் அறிகுறிகள் வேறு வேறாகத் தெரிவதால் வேறு வேறு பிரச்சினைகள் என்று தோன்றும்.

சரிபார்க்க இரண்டு கட்டளைகள் போதும்: 'யுநேம் -ஆர்', 'பேக்மேன் -கியூ லினக்ஸ்'. (கட்டளைகளில் பெரிய எழுத்து வரும் இடங்களை மட்டும் குறிப்பிடுகிறோம், மற்றதெல்லாம் சிறிய எழுத்து. இங்கே கியூ பெரிய எழுத்து.) முதலாவது ஓடும் கெர்னலின் பதிப்பைச் சொல்லும், இரண்டாவது டிஸ்கில் நிறுவியிருக்கும் பதிப்பைச் சொல்லும். 'ஆர்ச்1' என்பதற்கு முன்னால் ஒன்றில் சிறுகோடும் மற்றதில் புள்ளியும் வரும். அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ரீபூட் செய்தால் சரியாகிவிடும். கெர்னல் அப்டேட் ஆன கையோடு ரீபூட் செய்வதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. உடனே ரீபூட் செய்ய முடியாத கணினி என்றால் 'கெர்னல்-மாட்யூல்ஸ்-ஹுக்' பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். ஓடும் கெர்னலின் மாட்யூல்களை அது ரீபூட் வரை காப்பாற்றி வைக்கும். ஓப்பன்சூசே டம்பிள்வீட் இயல்பாகவே ஓடும் கெர்னலையும் முந்தைய கெர்னலையும் வைத்திருப்பதால் இந்தத் தொல்லை அங்கே குறைவு.

ரீபூட் செய்தும் எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால்

இதுதான் மிகவும் மோசமான நிலை, பலரை முழுதாக ரீஇன்ஸ்டால் செய்யவைப்பதும் இதுதான். ரீபூட் செய்கிறீர்கள். '/பூட்' மவுண்ட் ஆகவில்லை, 'அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபேட்' என்று சொல்லி எமர்ஜென்சி மோடில் (பழுதுபார்க்க மட்டுமே உதவும் நிலையில்) போய் நிற்கிறது. சில கணினிகளில் வைஃபையும் வேலை செய்யாது. 'யுநேம் -ஆர்' கொடுத்துப் பார்த்தால் இன்னமும் பழைய எண்ணே வருகிறது.

நடந்தது இதுதான். அப்டேட் ஓடிய நேரத்தில், கெர்னலைத் தொடங்கிவைக்கும் பூட் லோடர் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் /பூட்டில் மவுண்ட் ஆகியிருக்கவில்லை. புதிய கெர்னலும், பூட்டின் தொடக்கத்தில் அதற்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் /பூட்டுக்குத்தான் நகலெடுக்கப்படும். பார்ட்டிஷன் அங்கே இல்லாததால், ரூட் பார்ட்டிஷனுக்குள் /பூட் என்ற பெயரில் இருக்கும் வெறும் கோப்புறைக்குள் அவை போய் விழுந்தன. பேக்மேனுக்கு அது பிழையாகத் தெரியாது. பூட் லோடரோ ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் பழைய கெர்னலை எடுத்து ஓட்டுகிறது. பழைய கெர்னலுக்கான மாட்யூல்கள் அழிந்துவிட்டதால் விஃபேட் மாட்யூல் கிடைக்காது. விஃபேட் இல்லாமல் /பூட்டை மவுண்ட் செய்ய முடியாது. /பூட் மவுண்ட் ஆகாதவரை உள்ளிருந்தபடி புதிய கெர்னலைச் சரியான இடத்தில் வைக்கவும் முடியாது. எத்தனை முறை ரீபூட் செய்தாலும் இதே வட்டத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

வெளியே வர ஆர்ச் லைவ் யுஎஸ்பி வேண்டும். அதில் பூட் செய்து, 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுத்து எது ரூட், எது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரூட்டை '/எம்என்டி'யில் மவுண்ட் செய்யுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் சப்வால்யூம் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்வதற்கு முன்னால் '/எம்என்டி/பூட்' கோப்புறைக்குள் எட்டிப் பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும். 'விஎம்லினஸ்-லினக்ஸ்' என்ற கோப்பு அங்கே இருந்தால் நோய் இதுதான் என்பது உறுதி. அங்கிருப்பதை வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறையும் அது உங்களைக் குழப்பும். பிறகு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை '/எம்என்டி/பூட்'டில் மவுண்ட் செய்து, 'ஆர்ச்-சிரூட் /எம்என்டி' கொடுத்து உள்ளே போய், 'பேக்மேன் -எஸ் லினக்ஸ்' (எஸ் பெரிய எழுத்து) என்று கெர்னலை மீண்டும் நிறுவுங்கள். 'எம்கேஇனிட்சிபிஐஓ'வை மட்டும் ஓட்டினால் போதாது. அது இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்கும், கெர்னல் கோப்பை /பூட்டுக்கு நகலெடுப்பது பேக்கேஜ் நிறுவப்படும்போது தானாக ஓடும் சிறு நிரலான ஹுக்.

வெளியே வந்ததும், /பூட் ஏன் மவுண்ட் ஆகாமல் இருந்தது என்று கண்டுபிடித்துவிடுங்கள்.  எவற்றை மவுண்ட் செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், /பூட் வரியில் யாரோ 'நோஃபெயில்' (மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் குறிப்பு) சேர்த்திருக்கலாம். மற்ற டிரைவ்களுக்கு நோஃபெயில் அருமருந்து, ஆனால் /பூட் வரியில் அதைச் சேர்க்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. /பூட் மவுண்ட் ஆகவில்லை என்றால் அது சத்தம் போட்டுத்தான் தெரியப்படுத்த வேண்டும். அப்டேட்டுக்கு முன் 'ஃபைண்ட்எம்என்டி /பூட்' என்று ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பதில் ஒன்றும் வராவிட்டால் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை '/பூட்/ஈஎஃப்ஐ'யில் வைத்து, கெர்னலை ரூட்டிலேயே விட்டு, க்ரப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

பழி அப்டேட்டின் மேல், பிழை எஃப்எஸ்டேப்பில்

பல வாரங்கள் ரீபூட் செய்யாமல் ஓட்டிய கணினியை அப்டேட்டுக்காக ரீபூட் செய்யும்போது, என்றோ செய்த தவறும் சேர்ந்து வெளிப்படும். ஒரு டிரைவைக் கழற்றியிருப்பீர்கள், அல்லது ஒரு பார்ட்டிஷனை ஃபார்மட் செய்திருப்பீர்கள். எஃப்எஸ்டேப்பில் பழைய வரி அப்படியே இருக்கும். கணினியின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஒவ்வொரு வரியையும் ஒரு மவுண்ட் யூனிட்டாக மாற்றி, அந்த டிரைவுக்காக 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் எமர்ஜென்சி மோட்தான். ரூட் (நிர்வாகி) கணக்குக்குக் கடவுச்சொல் வைக்காதவர்களுக்கு அதற்குள்ளும் நுழைய முடியாது, மறுபடி லைவ் யுஎஸ்பியைத்தான் தேட வேண்டும்.

தரவு டிரைவ்களின் வரிகளில் 'நோஃபெயில்' என்பதோடு 'எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்' என்றும் சேர்த்தால், டிரைவ் இல்லாவிட்டாலும் பூட் நிற்காமல் நடக்கும். '/டெவ்/எஸ்டிஏ1' போன்ற பெயர்களை எழுதவே எழுதாதீர்கள். எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்குத்தான் ஏ கிடைக்கும், புதிய கெர்னலில் அந்த வரிசை மாறலாம். யுயுஐடிதான் நம்பகமானது. கோப்பைத் திருத்திய பிறகு 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை', 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', 'மவுண்ட் -ஏ' ஆகிய மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

ரூட் பார்ட்டிஷனே கிடைக்கவில்லை, யுயுஐடி கொண்ட டிவைஸ் இல்லை என்று வந்தால், பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஏதோ விடுபட்டிருக்கிறது. 'எம்கேஇனிட்சிபிஐஓ.கான்ஃப்' கோப்புக்கு '.பேக்நியூ' என்ற புதிய வடிவம் ஒன்று வந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்காமல் பழையதன் மேல் எழுதியவர்களுக்கு இது நடக்கும். 'என்கிரிப்ட்', 'எல்விஎம்2' போன்ற ஹுக்குகள் (இங்கே, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்கப்படும் பகுதிகள்) அதில் காணாமல் போயிருக்கும். 'பிளாக்' ஹுக்குக்குப் பின்னாலும் 'ஃபைல்சிஸ்டம்ஸ்' ஹுக்குக்கு முன்னாலும் அவற்றைத் திரும்பச் சேர்த்து, சிரூட்டுக்குள்ளிருந்து 'எம்கேஇனிட்சிபிஐஓ -பி' (பி பெரிய எழுத்து) ஓட்ட வேண்டும்.

விண்டோஸ் பார்ட்டிஷன்

என்டிஎஃப்எஸ் படிக்க லினக்ஸில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கெர்னலுக்கு வெளியே ஓடும் 'என்டிஎஃப்எஸ்-3ஜி'. இன்னொன்று, 2021-இல் 5.15 கெர்னலோடு வந்த 'என்டிஎஃப்எஸ்3'. அப்டேட்டுக்குப் பிறகு எது எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது மாறக்கூடும், இரண்டின் நடத்தையும் ஒன்றல்ல. பார்ட்டிஷனில் 'டர்ட்டி' குறி இருந்தால் என்டிஎஃப்எஸ்3 மவுண்ட் செய்ய மறுத்துவிடும். மவுண்ட் கட்டளை பொதுவாக ஏதோ சொல்லும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி'யின் கடைசி வரிகளில்தான் 'வால்யூம் இஸ் டர்ட்டி' என்ற உண்மைக் காரணம் இருக்கும். எஃப்எஸ்டேப்பில் இரண்டில் எது வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதிவிடுங்கள்.

குறி வருவதற்கு முக்கியக் காரணம் முறையாக மூடப்படாத பார்ட்டிஷன். இழுத்துப் பிடுங்கிய டிரைவ்களில் இது சகஜம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேறு வகைத் தலைவலி. 'ஷட் டவுன்' என்று சொன்னாலும் அது பாதி உறக்க நிலைக்குத்தான் போகிறது, பார்ட்டிஷனின் நிலவரம் ஹைபர்னேஷன் கோப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் 'ஃபோர்ஸ்' கொடுத்து மவுண்ட் செய்து எதையாவது எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் பழைய நினைவில் மேலே எழுதிக் கோப்புகளைச் சிதைத்துவிடும். விண்டோஸுக்குள் போய் 'செக்டிஸ்க் /எஃப்', பிறகு 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' இரண்டையும் ஓட்டுவதே சரியான வழி. 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி' குறியை நீக்கும், ஆனால் முழுப் பழுதுபார்ப்பை அது செய்வதில்லை. கையில் விண்டோஸே இல்லாதவர்கள், முக்கியமானதை வேறு டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தலாம்.

இத்தனையிலும் டிமெஸ்ஜியில் 'ஐ/ஓ எரர்' வரிகள் வரிசையாக ஓடினால் கதை வேறு. அது நிஜமாகவே கேபிள் அல்லது டிஸ்க் கோளாறு. எதையும் எழுதாமல் முதலில் 'டிடிரெஸ்க்யூ' கொண்டு நகலெடுங்கள்.

புதிய கெர்னலிலேயே பிழை இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தீர்க்க, நீண்ட காலம் பராமரிக்கப்படும் 'லினக்ஸ்-எல்டிஎஸ்' கெர்னலையும் எப்போதும் நிறுவி வைத்திருங்கள். அதில் பூட் செய்தால் டிரைவ் மவுண்ட் ஆகிறது என்றால் குற்றவாளி புதிய கெர்னல். அடுத்த பதிப்பு வரும்வரை எல்டிஎஸ்ஸில் ஓட்டலாம், அல்லது '/வேர்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி' கோப்புறையிலுள்ள பழைய பேக்கேஜை 'பேக்மேன் -யூ' (பெரிய எழுத்து) கொண்டு திரும்பப் போடலாம். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு எல்டிஎஸ் கெர்னல் கிட்டத்தட்டக் கட்டாயம். அதன் மாட்யூல் கெர்னலுக்கு வெளியே தயாராவதால், புதிய கெர்னலுக்கு ஏற்ற பதிப்பு வரும்வரை அது கம்பைல் ஆகாமல் நிற்கும்.

ஆர்ச் போன்ற ரோலிங் ரிலீஸில் (தொடர்ந்து அப்டேட் ஆகும் லினக்ஸில்) ஃபார்மட் செய்த டிஸ்கைப் பழைய கணினிக்கு எடுத்துப் போகும்போதும் சிக்கல் வரும். 2023-இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47.0 கருவித் தொகுப்பு, இஎக்ஸ்டி4-இல் 'ஆர்ஃபன்_ஃபைல்' என்ற அம்சத்தை இயல்பாகவே சேர்க்கத் தொடங்கியது. கோப்பு முறைமையைச் சோதிக்கும் பழைய 'எஃப்எஸ்சிகே'வுக்கு அது தெரியாததால் 'ஃபீச்சர்_சி12' என்று சொல்லிச் சோதிக்க மறுக்கும். புதிய கணினியில் டிஸ்கை அன்மவுண்ட் செய்து 'ட்யூன்2எஃப்எஸ் -ஓ ^ஆர்ஃபன்_ஃபைல்' (ஓ பெரிய எழுத்து) கொடுத்தால் அம்சம் நீங்கிவிடும்.

சில கோப்பு முறைமைகள் கெர்னலிலிருந்தே வெளியேறிவிட்டன. ரெய்சர்எஃப்எஸ் 2025-இல் 6.13 பதிப்பில் நீக்கப்பட்டது. 6.7-இல் சேர்ந்த பிகேஷ்எஃப்எஸ் 6.18-இல் நீக்கப்பட்டு, இப்போது தனி மாட்யூலாகத்தான் கிடைக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸின் பழைய வி4 வடிவமும் 2030-இல் நீக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் எக்ஸ்எஃப்எஸ் எது என்று பார்க்க 'எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ' கொடுங்கள், 'சிஆர்சி=0' என்று வந்தால் அது வி4. அதை அதே இடத்தில் வி5 ஆக மாற்ற வழியில்லை. கோப்புகளை வேறு டிரைவுக்கு நகலெடுத்து, புதிதாக ஃபார்மட் செய்து திரும்பப் போட வேண்டும். ரெய்சர்எஃப்எஸ் டிஸ்க் வைத்திருப்பவர்களும் 6.13-க்கு முந்தைய கெர்னல் கொண்ட லைவ் யுஎஸ்பி ஒன்றை எடுத்து இதே வேலையைச் செய்து முடித்துவிட வேண்டும்.