புது உணவுக்கு நாயின் குடல் கேட்கும் பத்து நாட்கள்

தயிர்சோறும் கோழிக்கறியும் தின்று வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் திடீரென்று டிரை ஃபுட் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டு நிறையக் கொட்டுகிறோம். அதுவும் ஆசையாகத் தின்கிறது. மறுநாள் காலையில் வயிற்றுப்போக்கு. "இந்த பிராண்ட் இவனுக்கு ஒத்துக்கல" என்று வேறொன்றை வாங்கி, அதையும் அப்படியே முழுத் தட்டாக வைக்கிறோம். மறுபடியும் அதே கதை. இப்படி மூன்று நான்கு பிராண்டுகளை ஒதுக்கிய வீடுகள் நிறைய உண்டு. பெரும்பாலும் அந்த உணவுகளில் எந்தக் குறையும் இருந்திருக்காது. மாற்றிய வேகம்தான் தாங்கியிருக்காது.

சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தால் நமக்கு இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இனிப்பு அது. நாயின் உமிழ்நீரில் இந்த நொதி கிடையாது என்றே சொல்லலாம். மாவுச்சத்தை உடைக்கும் வேலை பெரும்பாலும் கணையத்தின் தலையில்தான் விழுகிறது. அதற்கான வசதியை நாய் மனிதனோடு வாழ்ந்த காலத்தில் பெற்றது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதைக் காட்டினார்கள்: கணைய அமைலேஸுக்கான மரபணு ஓநாயிடம் பொதுவாக 2 பிரதிகள்தான் இருக்கிறது, நாய்களிடம் 4 முதல் 30 வரை. நம் ஊர் நாய் சோறு தின்று வாழ முடிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆனால் மரபணு இருப்பது வேறு, இன்றைக்கு எவ்வளவு நொதி சுரக்கிறது என்பது வேறு. கணையம் தினமும் வரும் உணவைப் பொறுத்தே நொதிகளின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. மாவுச்சத்து அதிகம் வந்தால் அமைலேஸ் கூடும். கொழுப்பு அதிகம் வந்தால் அதை உடைக்கும் லைபேஸ் கூடும். இந்த மாற்றம் ஒரே வேளையில் நடந்துவிடாது, சில நாட்கள் பிடிக்கும். சோறு மட்டுமே வந்துகொண்டிருந்த வயிற்றுக்குள் புரதமும் கொழுப்பும் கூடிய உணவு ஒரே நாளில் இறங்கினால், அதில் ஒரு பங்கு செரிக்காமலேயே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும்.

உண்மையான சிக்கல் பெருங்குடலில்தான் தொடங்குகிறது. செரிக்காத மாவும் சர்க்கரையும் அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலத்தில் இருந்து தண்ணீரை உறிஞ்ச வேண்டிய இடத்தில், தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். அதே நேரத்தில் அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்த மாவை வேகமாக நொதிக்க வைப்பதால் வாயு சேரும், வயிறு கடமுடா என்று சத்தம் போடும். கொழுப்பின் கதை இன்னும் சுவாரசியமானது. செரிக்காமல் வந்த கொழுப்பு அமிலங்களைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் ஹைட்ராக்ஸி கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. விளக்கெண்ணெய் குடித்தால் ஏன் வயிறு போகிறது? அதிலுள்ள ரிசினோலிக் அமிலமும் ஒரு ஹைட்ராக்ஸி கொழுப்பு அமிலம்தான். அதாவது, பழக்கமில்லாத கொழுப்பை மொத்தமாகத் தின்ற நாயின் குடலுக்குள், பேதி மருந்துக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் தயாராகிவிடுகிறது.

இந்தப் பாக்டீரியாக்கள் வெறும் தொல்லை கொடுப்பவை அல்ல. நார்ச்சத்தை நொதிக்க வைத்து அவை உண்டாக்கும் பியூட்ரேட் என்ற சிறு கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். என்ன உணவு வருகிறதோ அதற்கேற்ற வகைகள் அங்கே பெருகியிருக்கும். உணவு மாறினால் சில வகைகள் குறைந்து வேறு சில வளர வேண்டும். இதற்கும் சில நாட்கள் ஆகும்.

அதனால்தான் 7 முதல் 10 நாட்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் புது உணவு கால் பங்கு, பழையது முக்கால் பங்கு. அப்புறம் பாதிப் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுவதும். எளிதில் வயிறு கெட்டுப்போகும் நாய்க்கு இரண்டு மூன்று வாரங்கள் கூட எடுக்கலாம், தப்பே இல்லை. இதில் நாள்கணக்கை விட மலத்தைப் பார்ப்பது முக்கியம். மருத்துவர்கள் அதற்கு 1 முதல் 7 வரை எண் கொடுப்பார்கள்: 1 காய்ந்த உருண்டை, 7 வெறும் தண்ணீர், 2 நல்ல நிலை. எடுத்தால் உருவம் கலையாமல், தரையில் பெரிதாக ஒட்டாமல் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி, அங்கேயே இரண்டு மூன்று நாட்கள் நிற்க வேண்டும்.

அளவில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கிலோ கலோரி. டிரை ஃபுட் 100 கிராமில் 350 முதல் 400. எடைக்கு எடை கொடுத்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அளவுக்கு மிஞ்சித் தின்பதே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். 15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கிலோ கலோரி தேவை. 100 கிராமுக்கு 350 தரும் உணவென்றால் அது 240 கிராம். முதல் சில நாட்களுக்கு அதில் 60 கிராம் மட்டும் போதும், மீதி பழைய சாப்பாடு. சோற்றில் 70 சதவீதம் போலத் தண்ணீர் இருக்கும், டிரை ஃபுட்டில் 10 சதவீதம்தான். ஆகவே தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தாலும் நல்லது.

புது உணவை நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனால், கறிக்குழம்பை மேலே ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். சமைத்தாலும் அந்த நச்சு போகாது. குழம்பில் மிதக்கும் கொழுப்போ கணைய அழற்சியைத் தூண்டக்கூடியது. விருந்து நாளில் ஆட்டுக்கொழுப்பைத் தின்ற நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் அது கடுமையான வயிற்றுவலியின் அறிகுறி. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த தோல் நீக்கிய கோழிக்கறியைக் கொஞ்சம் பிய்த்துப் போட்டாலே வாசத்துக்குப் போதும்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமே கொடுத்தால் பாஸ்பரஸ் கூடி கால்சியம் குறையும், வளரும் கால்கள் வளையும். அதற்காகத்தான் பலரும் கால்சியம் டானிக் வாங்குகிறார்கள். ஆனால் குட்டிகளுக்கான முழுமையான டிரை ஃபுட்டில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. சிறு வயதில் குடலால் அதிகப்படியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. கிரேட் டேன், லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு அதன்மேல் டானிக்கும் ஊற்றினால் எலும்பு வளர்ச்சியே கோணலாகிவிடும். உணவை மாற்றி முடித்ததும், மருத்துவர் எழுதிக் கொடுக்காத டானிக்கை நிறுத்திவிடுவதுதான் சரி.

புதிதாக வீட்டுக்கு வந்த குட்டிக்கு, முன்பு இருந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே முதல் ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள். தாயைப் பிரிந்த அலைச்சலே அதன் வயிற்றைக் கெடுக்கப் போதுமானது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் நாய்க்கு மருத்துவரிடம் பேசாமல் உணவை மாற்றவே கூடாது. மருந்தின் அளவு சாப்பாட்டை வைத்துக் கணக்கிடப்பட்டது. உணவு மாற்றத்தால் வரும் பேதி, மாற்றத்தை நிறுத்தினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும், நாயும் சுறுசுறுப்பாகவே இருக்கும். சோர்ந்து படுத்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ அதை உணவின்மேல் போட்டுக் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி முடியாத குட்டியாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பார்வோ வைரஸும் இதே வாந்தி பேதியாகத்தான் தொடங்கும், அதில் ஒரு நாள் தாமதம் கூடக் குட்டியின் உயிரைப் பறித்துவிடும்.