பழைய இ-ரீடர் வாங்கும்முன் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு செல்போன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய இ-ரீடர் ஒன்று, அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவி, இருந்தது. திரையில் பளிச்சென்று ஒரு படம். "பாருங்க அண்ணாச்சி, ஸ்கிரீன்ல ஒரு கீறல்கூட இல்ல" என்றார் கடைக்காரர். வாங்கி வந்து சார்ஜில் போட்டேன். ஒருநாள் முழுக்கக் கிடந்தும் அந்தப் படம் மாறவே இல்லை. கருவி எப்போதோ செத்துப்போயிருந்தது; படம் மட்டும் தங்கியிருந்தது.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. மின்சாரம் இல்லாமலே படத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் இந்தத் திரையின் இயல்பு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்த நுட்பத்தை 1997-இல் தொடங்கிய ஈ-இங்க் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. திரைக்குள் தலைமுடி தடிமனில் லட்சக்கணக்கான குமிழிகள். ஒவ்வொன்றிலும் தெளிந்த எண்ணெய். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளை என்பது பெயின்டில் சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடு, கறுப்பு என்பது கரி. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். கீழிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே ஏறும், மற்றது அடியில் இறங்கும். ஏறியது ஏறியபடியே நிற்கும். பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி வாரக்கணக்கில் வருகிறது. காகிதம்போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், சித்திரை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியும்.

ஆகவே கடையிலேயே பத்துப் பக்கம் புரட்டுங்கள். முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். சில துகள்கள் முழுதாக நகரவில்லை, அவ்வளவுதான். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தால் போய்விடும். ஆனால் எந்தப் பக்கத்திலும் மாறாத கோடோ திட்டோ இருந்தால் வாங்காதீர்கள். மேலே இருப்பது பிளாஸ்டிக், அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. மேலே கீறல் விழாமலே அடியில் உடைந்திருக்கலாம். பேட்டரியை மாற்றிவிடலாம், திரையை மாற்றுகிற செலவில் இன்னொரு பழைய கருவியே வாங்கிவிடலாம்.

அப்புறம் அமைப்புகளுக்குள் போய் மென்பொருள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் கிடைப்பது அமேசானின் கிண்டில்தான். அதில் நாம் விரும்பும் மென்பொருளைப் போட ஜெயில்பிரேக் செய்ய வேண்டும், அதாவது நிறுவனம் போட்ட பூட்டை உடைக்க வேண்டும். முடியுமா என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும். வைஃபையில் இணைத்தால் கருவி தானே புதுப்பித்துக்கொண்டு அந்த வழியை அடைத்துவிடலாம். அதனால் வாங்கியதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து நீக்கியாயிற்றா என்றும் கேளுங்கள். கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் இ-ரீடர் கிடைத்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன். பூட்டை உடைக்கிற வேலையே இல்லை. யுஎஸ்பியில் இணைத்துச் சில கோப்புகளைப் போட்டால் போதும். குளோ, கிளாரா எச்டி போன்ற கோபோ மாடல்களின் உள்ளே சேமிப்பகமாக இருப்பதே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. அதை நகலெடுத்து வைத்துக்கொண்டால் எது கெட்டாலும் மீட்கலாம்.

இவ்வளவு மெனக்கெடுவது கோரீடர் என்ற, புத்தகம் படிப்பதற்கான இலவச மென்பொருளைப் போடத்தான். தமிழ் வாசகருக்கு அது ஏன் முக்கியம்? "கொக்கு" என்ற சொல்லைக் கணினி சேமிக்கும்போது முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. திரையில் வரும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். எழுத்தைக் கோக்கும் இந்த வேலை தெரியாத பழைய மென்பொருளில் கொம்பு தன் இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். அரைப் பக்கத்துக்குமேல் படிக்க முடியாது. கோரீடருக்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இதைச் சரியாகச் செய்கிறது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போட்டால் அச்சுப் புத்தகம்போலவே இருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கங்களையும் ஆறு அங்குலத் திரைக்கு ஏற்றபடி வரிகளை உடைத்து அடுக்கித் தரும்.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் சங்க நூல்களை வீட்டில் ஒருமுறை இறக்கி ஏற்றிக்கொண்டால் போதும். மாஞ்சோலை ஏறும் பஸ்ஸில் சிக்னல் போனால் என்ன, புத்தகம் கையில் இருக்கும். பையில் மட்டும் கெட்டி அட்டை உறை போட்டு, டிபன் பாக்ஸுக்கு மேலாக வையுங்கள். அடியில் இருப்பது கண்ணாடி.