மறைமுக விகிதம் இல்லை, தலைகீழ் விகிதம்

போன சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் உள்ள சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு தாளை நீட்டி, "மேம், மறைமுக விகிதம்னா என்ன?" என்று கேட்டான். யாரோ கணக்குச் சொற்களைத் தமிழாக்கி வாட்ஸப்பில் சுற்றவிட்ட தாள். இந்தச் சொல் என் காதில் விழுவது இது நான்காவது தடவை, இனியும் பேசாமல் இருக்க முடியாது.

தவறு எங்கே தொடங்கியது என்று தெரிகிறது. ஓர் அளவு எத்தனை மடங்கு கூடுகிறதோ, இன்னொன்று அத்தனை மடங்கு குறைந்தால், தென்னாப்பிரிக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் 'இன்டைரக்ட் புரப்போர்ஷன்'. மற்ற பல நாடுகளில் 'இன்வர்ஸ்' என்பார்கள். இன்டைரக்ட் என்ற சொல்லைக் கண்டதும், 'மறைமுக வரி' என்கிறோமே, அதே 'மறைமுக'வைக் கொண்டுவந்து இங்கேயும் ஒட்டிவிட்டார்கள். வரிக்கு அது பொருந்தும். கடையில் நாம் கட்டும் 15 சதவீத வாட் வரி, விலைக்குள் ஒளிந்து கடைக்காரர் வழியாக அரசுக்குப் போகிறது, அதனால் மறைமுகம். விகிதத்தில் எது ஒளிந்திருக்கிறது? இரண்டு அளவுகளும் கண்ணெதிரே நிற்கின்றன, நடுவில் மூன்றாவது ஆள் யாரும் இல்லை. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 80 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 60 நிமிடம், 120 வேகத்தில் போனால் 40 நிமிடம். வேகம் 3/2 மடங்கானது, நேரம் 2/3 மடங்கானது. பின்னத்தைப் பாருங்கள், அப்படியே கவிழ்ந்திருக்கிறது! நடப்பது இவ்வளவுதான், இதைச் சொல்லாத பெயர் எதற்கு?

சொல் வரலாறு சுருக்கமாக: 'விகிதம்' வடமொழியிலிருந்து வந்தது. 'தகு' என்ற வேரில் பிறந்த 'தகவு' நம்முடையது, "தக்கார் தகவிலர்" என்று குறளிலேயே இருக்கிறது, தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் நேர்த்தகவு, எதிர்த்தகவு என்றே எழுதுகின்றன. எனக்குத் தகவு பிடிக்கும், ஆனால் விகிதம் வீட்டுப் பேச்சிலேயே கலந்துவிட்ட சொல், அதைத் துரத்த வேண்டியதில்லை. என் சண்டை அதன் முன்னால் நிற்கும் சொல்லோடுதான்.

சரி, 'எதிர் விகிதம்' என்றால் போதாதா? மறைமுகத்தை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 'எதிர்' என்றதும் பிள்ளைகள் 'ஒன்று கூடினால் மற்றது குறையும்' என்று மனப்பாடம் செய்துவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். 20 சென்டிமீட்டர் மெழுகுவர்த்தி மணிக்கு 2 சென்டிமீட்டர் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரத்தில் 16 மீதி, 4 மணி நேரத்தில் 12 மீதி. நேரம் கூட நீளம் குறைகிறது, ஆனால் நேரம் இரட்டித்தபோது நீளம் பாதியாகவில்லை, ஆகவே இது அந்த விகிதமே இல்லை. எங்கள் வீட்டு ஜோஜோ தொட்டியை, அதாவது பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை, எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோன நாட்களில், ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று செலவழித்தால், 5000 லிட்டர் 5 பேருக்கு 10 நாள், 10 பேருக்கு 5 நாள், 2 பேருக்கு 25 நாள் வரும். எப்படிப் பெருக்கினாலும் 50. பெருக்கல் மாறாமல் நின்றால்தான் அந்த விகிதம். இரண்டும் ஒரே மடங்கில் கூடும் நேர் விகிதத்தில் வகுத்தல் மாறாது: ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் எங்கள் ஊர் 'பன்னி சாவ்' ஆளுக்குக் கால் ரொட்டி என்றால், 20 பேருக்கு 5 ரொட்டி, 40 பேருக்கு 10.

இதற்கு மேல் இன்னொரு குழப்பம். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நேர் மாறல்' என்றால் இரண்டும் சேர்ந்து கூடுவது. இலங்கைப் பாடநூலில் 'நேர்மாறு' என்றால் தலைகீழ். 'நேர்மாறாக' என்று நாம் பேசும்போதும் முழுக்க எதிராக என்றுதான் பொருள். இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் இணையத்தில் இறக்கிப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கலைச்சொல் ஆக்குபவர்கள் ஆங்கிலப் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள், ஒரு கணக்கையாவது போட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் இந்த வம்பே வராது. கணக்கு ஆசிரியரைக் கேட்க வெட்கப்படும் மொழிபெயர்ப்பாளர் கணக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது, இது என் உறுதியான கருத்து.

ஆகவே 'தலைகீழ் விகிதம்'. 3/2-இன் தலைகீழி 2/3 என்று பின்னப் பாடத்திலேயே படிக்கிறோம், அதே சொல் இங்கேயும் வந்தால் செய்ய வேண்டிய வேலையைப் பெயரே சொல்லிவிடும். தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் 'தலைகீழ்த் தகவு' என்று எழுதட்டும், இன்னும் மகிழ்ச்சி.

அந்தத் தாளில் 'மறைமுக' என்பதை அடித்துவிட்டு 'தலைகீழ்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு கணக்கும் கொடுத்தேன்: 6 பேர் 10 நாளில் வெட்டும் கரும்பை 15 பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? ஆட்கள் 5/2 மடங்கு என்று எழுதினான், கொஞ்ச நேரம் பார்த்தான், அதைக் கவிழ்த்து 2/5 ஆக்கி 10-ஆல் பெருக்கி, 4 நாள் என்றான்.