காற்றின் ஈரத்தைக் கவரும் சக்கரம்

ஜப்பானின் அகாஷி கைக்கியோ தொங்குபாலத்தில் இரு கோபுரங்களுக்கு நடுவே 1,991 மீட்டர் இடைவெளி. அத்தனை பாரத்தையும் சுமப்பவை இரண்டு வடங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கும் மேல் விட்டம் கொண்டது. உள்ளே 36,830 எஃகுக் கம்பிகள். 1998இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தில் வடங்களுக்குள் வறண்ட காற்றைச் செலுத்துகிறார்கள். மேலே எவ்வளவு பூச்சு பூசினாலும், கம்பிகளுக்கிடையே ஒருமுறை புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது, உள்ளிருந்தே அரிக்கும். ஸ்காட்லாந்தில் 1964இல் திறந்த ஃபோர்த் சாலைப் பாலத்தின் வடங்களை 2004இல் பிரித்துச் சோதித்தபோது, 8 முதல் 10 சதவீத வலிமை குறைந்திருந்தது. பிறகு அங்கும் வறண்ட காற்றையே நாடினார்கள்.

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் காற்றில் துளி ஈரமும் இருக்கக் கூடாது என்பதில்லை. சார்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் அரிப்பு வேகம் பிடிக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே நிறுத்தினால் போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஆண்டுக்கணக்கில் கட்டிப் பாதுகாத்தது இந்த உத்தியால்தான். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. சிலவற்றின் எல்லை மிக மிகக் கீழே இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

காற்றிலிருந்து நீரை எடுக்க எளிய வழி, குளிர்விப்பது. ஏசி இயந்திரம் சொட்டும் நீர் அப்படி வந்ததுதான். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் குளிர்சுருளின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் நீர் சொட்டாது, சுருள்மேல் பனிக்கட்டியாகப் படிந்து காற்றின் வழியை அடைத்துவிடும். அதற்கும் கீழே இறங்க வேண்டுமானால் வேறு வழி தேவை.

அந்த வழிதான் டெசிக்கன்ட் சக்கரம், அதாவது ஈரம் கவரும் பொருள் பூசிய சக்கரம். நெளிவுகள் கொண்ட மெல்லிய கண்ணாடியிழைத் தாளைச் சுருட்டிச் சக்கரமாக்கியிருப்பார்கள். முன்னால் நின்று பார்த்தால் தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் தெரியும். அவற்றின் சுவர் முழுக்க சிலிக்கா ஜெல். இதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளை விரித்துக் கணக்கிட்டால் மேற்பரப்பு பல நூறு சதுரமீட்டர் வரும். நீராவி மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

ஏன் ஒட்ட வேண்டும்? நீராவி எப்போதும் அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நகரும். குளிர்ந்த, வறண்ட சிலிக்கா ஜெல்லின் மேற்பரப்பில் நீராவி அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே காற்றிலுள்ள ஈரம் அதை நோக்கிப் போகிறது. அதே ஜெல்லைச் சூடாக்கினால் அழுத்தம் தலைகீழாகிறது, ஒட்டிய நீர் கழன்று வெளியேறுகிறது. ஜெல்லின் வேதித்தன்மை மாறுவதில்லை என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இந்த எளிமைதான்.

சக்கரத்தின் முக்கால் பகுதி வழியாக உலர்த்த வேண்டிய காற்று போகும். மீதிக் கால் பகுதி வழியாக எதிர்த்திசையில் 120 முதல் 140 டிகிரி வரை சூடாக்கிய காற்று போய், ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும். இடையில் ரப்பர் தடுப்புகள். சக்கரம் மணிக்குப் பத்து, இருபது முறை மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது. ஒரு பக்கம் நிரம்பியது மறுபக்கம் போய்க் காய்ந்து திரும்பும்.

ஒட்டும் நீராவி, தான் ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கிலோ காற்றிலிருந்து 5 கிராம் நீரை எடுத்தாலே அந்தக் காற்று 12 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். எனவே சக்கரத்துக்குப் பின் மீண்டும் ஒரு குளிர்விப்பான் வைக்க வேண்டியிருக்கும். முன்னாலும் ஒன்று வைத்து, குளிரால் எடுக்க முடிந்ததை அங்கேயே எடுத்துவிடுவது நல்ல வடிவமைப்பு. எஞ்சியதை மட்டும் சக்கரத்திடம் விட்டால் சூடாக்கும் செலவு குறையும். ஆலையில் வேறெங்கோ வீணாகும் வெப்பம் இருந்தால் அதையும் இங்கே திருப்பலாம்.

நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் வினைபுரியத் துளி ஈரம் போதும். அந்த வினையிலேயே நீரும் உண்டாகி, அடுத்த வினைக்குத் தீனியாகிறது. தொடங்கிவிட்டால் அட்டைக்குள்ளேயே மாத்திரை வீணாகும். அதனால் தயாரிப்பு அறையின் ஈரப்பதத்தை 25 சதவீதத்துக்கும் கீழே வைக்கிறார்கள். மென்மையான ஜெலட்டின் உறைகளோ வெப்பம் பட்டால் உருகும். அவற்றைக் காயவைக்க அறை வெப்பநிலையிலேயே வறண்ட காற்று வேண்டும். பெட் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் மணிகளில் ஈரம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உருக்கும்போது நீர் மூலக்கூறுகள் பாலிமர்ச் சங்கிலிகளை அறுத்துவிடும். கெட்டி மிட்டாய், பால்பொடி, குளிர்பதனக் கிடங்கின் வாசல், பனிச்சறுக்கு அரங்கு என்று பட்டியல் நீளும்.

இவை எல்லாவற்றையும் விடக் கடுமையான இடம் லித்தியம் பேட்டரி ஆலை. பேட்டரிக்குள் மின்னூட்டத்தைக் கடத்தும் திரவமான மின்பகுளியில் இருக்கும் லித்தியம் ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட் என்ற உப்பு, நீருடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தரும். அது நச்சு, பேட்டரியின் உள்ளுறுப்புகளையும் அரிக்கும். எனவே அந்த அறைகளின் பனிநிலையை (காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவி நீராகவோ பனியாகவோ படியத் தொடங்கும் வெப்பநிலையை) மைனஸ் 40 டிகிரிக்கோ அதற்கும் கீழோ இறக்குகிறார்கள். அந்நிலையில் ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் நீர் சுமார் 0.12 கிராம்தான்.

இப்போது அந்த அறைக்குள் ஒருவர் வேலை செய்ய வருகிறார். மூச்சாலும் வியர்வையாலும் ஒரு மணி நேரத்தில் அவர் ஏறத்தாழ 100 கிராம் நீரை வெளியிடுவார் என்று கொள்வோம். எண்ணூறு கனமீட்டருக்கும் மேற்பட்ட காற்றில் இருக்கும் நீருக்கு அது சமம்! ஆகவே இங்கே மிகப் பெரிய ஈரமூட்டி மனிதர்தான். அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைக் கணக்கிட்ட பிறகே இயந்திரத்தின் அளவை முடிவு செய்கிறார்கள். வேலையின் பெரும்பகுதியைத் தானியங்கிகளிடம் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த எதிரி சுவர். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் நீராவியின் அழுத்தம் சுமார் 3,400 பாஸ்கல். உள்ளே சுமார் 13. அறைக் காற்றின் அழுத்தத்தைச் சில பாஸ்கல் கூட்டி வைத்தால் வெளிக்காற்று இடுக்கு வழியே நுழையாது. ஆனால் நீராவி தன் அழுத்த வேறுபாட்டை மட்டுமே பின்பற்றுவதால், செங்கல், சிமெண்ட் வழியாகவும் ஊடுருவிவிடும். அதனால்தான் இத்தகைய அறைகளுக்கு உலோகத் தகடு போர்த்திய பலகைகளால் சுவர் எழுப்புகிறார்கள். பலகைகள் சேரும் ஒவ்வொரு இணைப்பையும், குழாயும் வயரும் நுழையும் ஒவ்வொரு துளையையும் அடைத்து, தரைக்கு அடியிலும் நீராவி புகாத விரிப்பைப் பரப்புகிறார்கள்.