பரோஸாவுக்கு வரும் முன் காலணியைக் கழுவிவிட்டு வாருங்கள்

போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினால், சாலையோரம் ஒரு கார் நிற்கிறது. கணவன், மனைவி, ஆறேழு வயதுப் பையன், பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பெரியவர் ஒருவர். நாலு பேரும் என் திராட்சைக் கொடி வரிசைக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் அடுத்த வரிசைக்கே ஓடிவிட்டான்.

தமிழ் காதில் விழுந்ததும் மனசு குளிர்ந்தது. ஆனாலும் ஓடிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஷூவைப் போட்டுட்டு வேற எங்கெல்லாம் போனீங்க?"

அந்தப் பெண் திகைத்துவிட்டார். "மெல்போர்ன்ல இருந்து வர்றோம் அண்ணா. சனிக்கிழமை யாரா பள்ளத்தாக்குல ரெண்டு திராட்சைத் தோட்டம் பார்த்தோம். ஏன், ஏதாவது தப்பா?"

பையனின் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் உள்ள பள்ளங்களில் ஈரம் காய்ந்த மண், அதில் ஒரு காய்ந்த திராட்சை இலைத் துணுக்கு. அது எங்கள் தோட்டத்து இலையா, யாராவிலிருந்து வந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது பரோஸா. இங்கே கொடி வளர்ப்பதுதான் என் வேலை. ஒயின் ஊர்களைச் சுற்றிப்பார்க்க வரும் நம் மக்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். வரட்டும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே விடுபட்டுப்போகிறது.

ஃபிலாக்ஸெரா என்று ஒரு பூச்சி இருக்கிறது. நம் ஊரில் அவரைக்கொடியில் அப்பும் அசுவினிக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் நிறம். முழுதாக வளர்ந்தாலே ஒரு மில்லிமீட்டர்தான். குஞ்சாக இருக்கும்போது வெறும் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். திராட்சையின் வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். உறிஞ்சிய இடம் வீங்கி முடிச்சாகும், பிறகு வெடித்துப் புண்ணாகும், அதன் வழியே மண்ணில் உள்ள பூஞ்சை உள்ளே போகும், வேர் அழுகும். சில வருஷங்களில் கொடி செத்துப்போகும். இதற்கு மருந்து கிடையாது. மேலே தெளித்தாலும் மண்ணில் ஊற்றினாலும் ஆழத்தில் இருக்கும் வேர்வரை எதுவும் போய்ச் சேராது.

இதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அங்குள்ள காட்டுத் திராட்சைகள் இதோடு பழகியவை, வேர் தாங்கிக்கொள்ளும். ஒயினுக்கு நாம் பயிரிடும் ஐரோப்பிய இனத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. பாய்மரக் கப்பல் காலத்தில் அமெரிக்காவிலிருந்து செடி கொண்டுபோனால் கடலைக் கடக்கும் வாரக்கணக்கான நாள்களில் பூச்சி செத்துவிடும். நீராவிக் கப்பல் வந்து பயண நாள்கள் சுருங்கியதும் பூச்சியும் உயிரோடு கரை இறங்கிவிட்டது. 1860-களில் பிரான்ஸின் ரோன் ஆற்றுப் பக்கம் கொடிகள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. 1868-ல் தாவரவியலாளர் ப்ளான்ஷோன் குழுவினர் வேரைத் தோண்டி பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். செத்த கொடியில் தேடியவரை எதுவும் கிடைக்கவில்லை. பூச்சி அதற்குள் பக்கத்தில் உள்ள உயிருள்ள கொடிக்குப் போயிருக்கும். நன்றாக இருப்பதுபோல் தெரிந்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் அகப்பட்டது.

1875-ல் பிரான்ஸ் எடுத்த ஒயின் சுமார் 840 லட்சம் ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்). 1889-ல் அது 240 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. தீர்வு கண்டுபிடிப்பவருக்கு 3,00,000 பிராங்க் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. கடைசியில் வழி வந்ததும் அமெரிக்காவிலிருந்துதான்: அமெரிக்கக் கொடியின் வேர்ப்பாகத்தின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது. இன்றைக்கு உலகத்தில் நீங்கள் குடிக்கும் ஒயினில் பெரும்பகுதி அப்படி ஒட்டுக்கட்டிய கொடியில் காய்த்ததுதான்.

சரி, ஒட்டுக்கட்டினால் தீர்ந்துவிடுகிறதே, பிறகென்ன கவலை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் எங்கள் மண்ணில் நிற்கிறது.

பரோஸாவுக்கு 1842-ல் இருந்து அன்றைய பிரஷ்யாவின் சைலீசியப் பகுதியைச் சேர்ந்த லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்கள் நட்ட கொடிகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. லாங்மைல் தோட்டத்தில் 1843-ல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் என்ற கருந்திராட்சை ரகம் இன்றும் காய்க்கிறது. கொடிக்கு வயது வைத்துப் பட்டம் கொடுக்கும் ஒரு சாசனமே 2009-ல் இங்கே எழுதினார்கள்: 35 வயது தாண்டினால் முதிய கொடி, 70 தாண்டினால் தப்பிப்பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதை. இவையெல்லாம் தன் சொந்த வேரில் நிற்கும் கொடிகள். ஐரோப்பாவில் இவ்வளவு வயதுடைய தோட்டங்கள் மிக அரிது. காரணம் அந்தப் பூச்சிதான். சிலியிலும், கிரேக்கத் தீவான சான்டோரினியின் எரிமலைச் சாம்பல் மண்ணிலும், போர்ச்சுகலின் கொலாரெஸ் கடலோர மணலிலும் சொந்த வேர்க் கொடிகள் பார்க்கலாம். மணலுக்குள் பூச்சியால் நகர முடியாது. எங்களுக்கு அப்படிப்பட்ட மணல் காப்பு இல்லை. பூச்சி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு முறை வந்துவிட்டால் ஒட்டுக்கட்டிய புதுக்கன்று நடலாம், மறுபடி ஒயின் எடுக்கலாம். ஆனால் 180 வயதுக் கொடியைப் பிடுங்கிவிட்டு நடும் கன்றுக்கு வயது பூஜ்யம். 1980-களில் ஒயின் விலை விழுந்தபோது, கொடியைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று இதே மாநில அரசாங்கம் திட்டம் போட்டது. எத்தனையோ பழைய ஷிராஸும் கிரெனாஷும் அப்போது வேரோடு போயின. அதிலும் தப்பித்து நிற்பவைதான் இப்போது இருப்பவை.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பூச்சி புதிதில்லை. 1877-ல் விக்டோரியா மாநிலத்தில் ஜீலாங் பக்கம் கண்டுபிடித்தார்கள். அரசாங்கமே உத்தரவு போட்டுத் தோட்டங்களை அழித்தது. அங்கே திரும்பவும் ஒயினுக்காகக் கொடி நட 1960-கள் வரை ஆனது. 1899-ல் அதே மாநிலத்தின் ரதர்க்ளென் ஊர் வரை வந்துவிட்டது. அதே வருஷம் தெற்கு ஆஸ்திரேலியா தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தில் பிறந்த வாரியம்தான் இன்று வைன்ஹெல்த் ஆஸ்திரேலியா என்ற பெயரில் இயங்குகிறது. இந்த மாநிலம் இன்றுவரை பூச்சி இல்லாத மாநிலம். ஆனால் 2006 டிசம்பரில் யாரா பள்ளத்தாக்கிலும் பூச்சி தெரியவந்தது. அன்றிலிருந்து அங்கே பாதித்த பகுதியின் எல்லை விரிந்துகொண்டுதான் வருகிறது.

மெல்போர்னிலிருந்து யாரா ஒரு மணி நேரம். மெல்போர்னிலிருந்து அடிலெய்டு 725 கிலோமீட்டர், ஒரே நாளில் ஓட்டிவிடலாம். நம் மக்கள் நீண்ட வார விடுமுறையில் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான்: சனிக்கிழமை யாரா, ஞாயிறு பயணம், திங்கள் பரோஸா. இந்தப் பூச்சி தீனி இல்லாமலே சில நாள்கள் உயிரோடு இருக்கும். ஷூவின் அடியில், கார் மேட்டில், பேன்ட் மடிப்பில். ஆஸ்திரேலியாவில் உள்ள இந்தப் பூச்சிக்கு இனம் பெருக்க ஆண் தேவையில்லை. ஒரே ஒரு பெண் பூச்சி வந்து சேர்ந்தால் போதும், 200 முட்டை வரை இடும். கோடையில் குஞ்சுகள் மண்ணைவிட்டு மேலே வந்து தண்டிலும் இலையிலும் ஏறும். வரிசைக்குள் நடப்பவரின் துணியில் ஒட்டுவது அப்போதுதான். சுற்றுலாக் கூட்டம் வருவதும் அதே மாதங்களில்தான்.

மாநில எல்லையில் பழத்தை வாங்கிக் குப்பையில் போடுகிறார்களே, அந்தச் சோதனை எல்லோருக்கும் தெரியும். அது பழ ஈக்காக. ஷூவை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

என் அனுபவத்தில் சொல்கிறேன், யாரும் வேண்டுமென்று தப்பு செய்வதில்லை. கொடி வரிசை பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருக்கிறது, கால் தானாக உள்ளே போகிறது. அதனால் நான் கேட்பதெல்லாம் கொஞ்சம்தான். இன்னொரு ஒயின் ஊருக்குப் போய்விட்டு வருகிறீர்கள் என்றால் அங்கே போட்ட ஷூவை இங்கே போடாதீர்கள், உடையும் துவைத்ததாக இருக்கட்டும். ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் அடியில் உள்ள மண்ணை பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்துவிடுங்கள். தோட்டத்துக்குள் கூட்டிப்போகும் இடங்களில் வாசலில் பிளீச் கரைசல் வைத்திருப்போம். குளோரின் 2 சதவீதம் இருக்கும்படி கலந்தது. மண் நீக்கிய ஷூவை அதில் முழுதாக 60 விநாடி முக்க வேண்டும், எடுத்ததும் தண்ணீர் விட்டு அலசக் கூடாது. சும்மா நனைத்து எடுத்தால் பூச்சி சாகாது. அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நீளமாகத் தெரியும். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அழைப்பில்லாமல் வரிசைக்குள் இறங்காதீர்கள். படம் சாலையோரத்தில் நின்று எடுத்தாலே நன்றாக வருகிறது, பின்னால் மலையும் சேர்ந்து கிடைக்கும்.

வரிசைக்குள் போகாமல் ஒரு ஒயின் ஊரை எப்படித் தெரிந்துகொள்வது? வாயால்தான். அதற்குத்தான் செல்லர் டோர் என்று சொல்லும் சுவைக்கூடங்கள் இருக்கின்றன. ஒரு ஊற்றுக்கு 20, 30 மில்லிதான் தருவார்கள். அவசரப்படாமல் கேளுங்கள்: "பரோஸா பள்ளத்தாக்கின் அடியில் விளைந்த ஷிராஸும், ஏடன் பள்ளத்தாக்கின் ஷிராஸும் பக்கத்துப் பக்கத்தில் தர முடியுமா?" ஒரே ரகம், அரை மணி நேரத் தூரம். ஏடன் பள்ளத்தாக்கு 400 மீட்டருக்கு மேலே, குளிர் கூடுதல். கீழே விளைந்தது கருநாவல் நிறத்தில் கனமாக நாக்கை மூடும். மேலே விளைந்ததில் மிளகை இடித்த வாசம் முன்னே வரும், புளிப்பு நறுக்கென்று நிற்கும். பிறகு அதே மலையின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். இனிப்பே இல்லாமல், எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி இருக்கும். இந்த மூன்றையும் வரிசையாகச் சுவைத்தால், மண்ணில் கால் வைக்காமலே உயரத்தையும் வெயிலையும் புரிந்துகொள்ளலாம்.

வாயில் சுழற்றிவிட்டுத் துப்புங்கள். அதற்கென்று கலம் வைத்திருப்பது அலங்காரத்துக்காக இல்லை. தொழிலில் இருக்கும் நாங்கள் எல்லோரும் துப்பித்தான் பழகியிருக்கிறோம். நம்மவர்கள் அதை மரியாதைக் குறைவு என்று நினைத்து விழுங்கிவிடுகிறார்கள். நாலு கூடத்தில் ஆறு ஆறு ஊற்று விழுங்கினால் கிட்டத்தட்ட அரை லிட்டர், அதற்கு மேலும் போகலாம். இங்கே வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும், லேர்னர் (பழகுநர் உரிமம்) என்றால் பூஜ்யம். ஓட்டுபவர் ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். அவர் முகர்ந்து பார்க்கட்டும். பாதி ஒயின் மூக்கில்தான் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிவந்து ஷூவைத் தேய்த்து பிளீச்சில் முக்க வைத்தேன். அவர்கள் நடந்த இரண்டு வரிசைகளையும் குறித்துவைத்தேன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொடி மஞ்சளாகிக் கண்ணுக்குத் தெரிய இரண்டு, மூன்று வருஷம் கூட ஆகலாம்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அப்பா. தேனி மாவட்டம் கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறாராம். பந்தல் போட்டு, வருஷத்துக்கு ரெண்டு தரம் கவாத்து பண்ணி, பதினைந்து இருபது வருஷத்தில் கொடியை மாற்றிவிடுவாராம். இங்கே பந்தல் இல்லாமல் இடுப்பளவில் தறித்து நிறுத்திய தண்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். தொடையளவு தடித்து, முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து தொங்கும் தண்டு அது.

தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, இதுல ஒரு குச்சி கிடைக்குமா? நாலு கணு இருந்தாப் போதும். ஊர்ல கொண்டுபோய் வெச்சுப் பார்க்கிறேன்."

ஒரு விவசாயி இன்னொரு விவசாயியிடம் கேட்பது எனக்குப் புரிந்தது. எங்கள் தாத்தா காலத்தில் எல்லாப் பயிரும் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின. ஃபிலாக்ஸெரா பிரான்ஸுக்குப் போனதும் இப்படித்தான். "முடியாதுங்க ஐயா. இந்தியாவுக்குள்ள கொண்டுபோகணும்னா இறக்குமதி அனுமதியும், நோய் இல்லைன்னு சான்றிதழும் வேணும். பைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போகக் கூடாது. உங்க பந்தலுக்கே வினையாயிடும்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் சரிதான்" என்றார். சாலையோரத்தில், கொடிக்கு எட்டாத தூரத்தில், கழுவிய ஷூவோடு நின்று முதல் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னும் காய்க்குதா தம்பி?"

"காய்க்குதுங்க ஐயா. கொஞ்சம்தான். பழம் சின்னதா இருக்கும்."