உளப்பிரிகை அனுபவ அளவுகோல்: சொல் விளக்கம்

நினைவும் ‘நான்’ என்னும் உணர்வும் தொடர்பற்றுப்போகும் அனுபவங்களை அளக்கும் ‘டிசோசியேட்டிவ் எக்ஸ்பீரியன்சஸ் ஸ்கேல்’ என்ற வினாப்படிவத்தை ஈவ் பெர்ன்ஸ்டைன் கார்ல்சனும் ஃபிராங்க் புட்னமும் 1986இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். இதில் 28 வினாக்கள் உள்ளன. வினாவில் சொல்லப்படும் அனுபவம் தமக்கு எத்தனை விழுக்காடு நேரம் நேர்கிறது என்பதை, 0 முதல் 100 வரையுள்ள அளவில் குறித்து ஒருவர் தெரிவிக்கிறார். மொத்தத்தை 28ஆல் வகுத்தால் வரும் சராசரியே அவருடைய மதிப்பெண். அது 30ஐத் தாண்டினால் விரிவான நேர்காணல் தேவை என்பதுதான் பொருளே தவிர, நோய் உறுதியாகிவிட்டது என்பதல்ல.

‘டிசோசியேசன்’ என்பதன் வேர், தோழன் எனப் பொருள்படும் ‘சோசியஸ்’ என்ற இலத்தீன் சொல். நினைவு, புலனுணர்வு, ‘நான்’ என்னும் உணர்வு ஆகியவை தோழர்கள்போல் சேர்ந்தே இயங்குபவை. அந்தச் சேர்க்கை விட்டுப்போவதையே இச்சொல் குறிக்கிறது. பேருந்தில் வந்து இறங்கிய பிறகு, வந்த வழியில் ஒரு பகுதி நினைவிலேயே இல்லை என்று உணர்வது இதன் எளிய வடிவம். கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையது என்று அடையாளம் தெரியாமல் போவது கடுமையான வடிவம். இரண்டுமே இப்படிவத்தில் வினாக்களாக உள்ளன.

தமிழில் இதற்கு ‘விலகல்’ என்ற சொல் வழங்குகிறது. ஆனால் புள்ளியியலில் ‘நியம விலகல்’ (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) என்பது வேறொன்று. அளவுகோலைப் பற்றிய கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் குழம்புவார். ‘சிதைவு’ என்பதை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் மனச்சிதைவு வேறு நோய். தவறான பெயர் நோயாளியை வீணாக அஞ்சவைக்கும். வேதியியல் பாடநூல்களில் நெடுநாளாக உள்ள ‘பிரிகை’யே பொருத்தம் என்பது என் கருத்து. நீரில் கரைந்த உப்பின் அயனிகள் பிரிகின்றனவேயன்றி அழிவதில்லை, நீர் வற்றினால் மீண்டும் சேர்கின்றன. ஆகவே ‘உளப்பிரிகை’ எனலாம்.

‘அனுபவம்’ அப்படியே இருக்கட்டும். பட்டறிவு என்றால் பட்டுத் தெளிந்த அறிவு என்றாகிவிடும்.

இத்தகைய படிவங்களின் வகையைக் குறிக்கும் ‘செல்ஃப் ரிப்போர்ட்’ என்பதைத் ‘தன்மதிப்பீடு’ என்று எழுதுவது பிழை. இங்கே ஒருவர் தம்மை மதிப்பிடவில்லை, தமக்கு நேர்வதைச் சொல்கிறார். எனவே ‘தன்கூற்று’ என்பதே சரி. நினைவில் இல்லாததை ஒருவர் எப்படிச் சொல்வார் என்று கேட்கத் தோன்றும். வாங்கியதாக நினைவில்லாத புதிய பொருள்கள் தம் உடைமைகளுக்கிடையே இருப்பதைக் கண்டதுண்டா என்று, மறதி விட்டுச்சென்ற தடயத்தைத்தான் படிவம் கேட்கிறது.